யூனிபார்ம் பாயும் விசிறிச் சிப்பியும்

யூனிபார்ம் பாய் கடையில் 'சைஸ்' என்ற வார்த்தையை யாராவது சொன்னால் தையல் மிஷின் நின்றுவிடும். பெடலிலிருந்து காலை எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். சொன்னவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்ப்பார்.

"ஒம்போது வயசு சைஸா? அந்தப் புள்ளய நான் பாத்ததே இல்லியேம்மா. ஒம்போது வயசுல இந்தத் தெருவுலயே பதினாறு புள்ளிங்கோ கீது. பதினாறும் ஒண்ணா? உன்னுத கூட்டிக்கினு வா, அளக்கலாம்."

கூட்டிக்கொண்டு வராமல் வேலை நடக்காது. திருவொற்றியூரில் விம்கோ நகர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு மாவு மில்லை ஒட்டி இருந்தது அவர் கடை. மெட்ரோ தூண்கள் முளைப்பதற்கு முந்தைய காலம். சுற்றியிருந்த நாலைந்து பள்ளிகளுக்கு அவர்தான் சீருடை தைத்தார். பெயர்ப் பலகை கிடையாது. அவருக்கு ஒரு பெயர் உண்டு, எனக்கும் தெரியும். அதை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "யூனிபார்ம் பாய்னா ஊருக்கே தெரியும். அப்பால பேரு எதுக்கு டீச்சர்?" என்பார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இப்போது மகன் குடும்பத்தோடு ஆவடிப் பக்கம் போய்விட்டார்.

அளக்காமல் எதையும் நம்பமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். கழுத்தில் மஞ்சள் டேப் எப்போதும் தொங்கும். டீக்கடைக்கும் அதோடுதான் போவார், கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார்.

கடை வாசலில் சாயங்காலம் ஒரு அம்மாள் பூ விற்பாள். அவளிடம் வீட்டுக்கு ஒரு முழம் மல்லி வாங்குவார். ஒரு நாள் கை சும்மா இருக்காமல் அந்த முழத்தின் மேல் டேப்பை வைத்தார். மறுநாள் மார்க்கெட் முனையில் இருக்கும் பூக்காரியின் முழத்தையும் வாங்கி அளந்தார். இரண்டுக்கும் இரண்டு இன்ச் வித்தியாசம். நேரே வந்து வாசல் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற பாய்? அவ நெட்டச்சி. ஆண்டவன் எனக்குக் குட்டக் கைய வெச்சிட்டான். இத்த கழட்டிட்டு வேற மாட்டிக்கினு வரட்டுமா?"

"நான் கொறயா சொல்லல. முழம்னு ஒண்ணு கிடையாது. உன் முழம் ஒண்ணு, அவ முழம் ஒண்ணு. அத்தத்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து அவருக்கு மட்டும் முழம் போட்டு முடித்த பிறகு நாலு பூ சேர்த்துக் கட்டுவாள். "இது டேப்பு பாய்க்கு" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லித்தான் கொடுப்பாள். அவர் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வார்.

ஒரு மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வடிந்த பிறகு ஆளாளுக்குக் கதை. எங்க வூட்ல முழங்காலுக்கு மேல என்றார் ஒருவர். எங்க வூட்ல இடுப்பளவு என்றார் எதிர்வீட்டுக்காரர். பேச்சு தடித்து, யார் அதிகம் கஷ்டப்பட்டார்கள் என்பதில் வந்து நின்றது. பாய் நடுவில் போய் நின்று, "யாரு முழங்கால்? யாரு இடுப்பு?" என்று கேட்டார். பிறகு இரண்டு வீட்டிலும் நுழைந்து, சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோட்டுக்குத் தரையிலிருந்து டேப் பிடித்தார். இடுப்பளவு வீட்டில் ஓர் இன்ச் குறைவாக இருந்தது. விசாரித்தால், தண்ணீர் வந்த நேரத்தில் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். சண்டை போட வந்தவர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

என் அம்மா முனியம்மாவும் அவர் டேப்பிடம் தப்பவில்லை. சீருடை தவிர அவர் வேறு எதுவும் தைப்பதில்லை; அம்மாவின் ஜாக்கெட் மட்டும் விதிவிலக்கு. அளவுக்கு என்று அம்மா ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தாள். அதை விரித்துப் பார்த்தவர் துணியைவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இது யாருதும்மா?"

"என்னுதுதான். வேற யாருது?"

"உன்னுதுதான். ஆனா இந்த முனியம்மா பத்து வருசத்துக்கு முன்னால கீறவ. இப்ப கீற முனியம்மாவோட ஜாக்கெட்டு ஒண்ணு எட்தாந்து குடு."

அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய் வேறு எடுத்து வந்தாள். அம்மாவிடம் அப்படிப் பேசிவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் கொஞ்சம் கூடுதல் தாராளம். பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நாள் அளவு எடுப்பார். எல்லாரையும் உயர வரிசையில் நிற்க வைத்து, குள்ளத்திலிருந்து ஆரம்பிப்பார். அளந்ததற்கு மேல் பாவாடையின் அடியில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பார். பிள்ளை வளர வளர வருஷத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிடலாம். அப்படி ஒவ்வொரு தரம் பிரிக்கும்போதும் பழைய மடிப்பு ஒரு வெளிர் கோடாகத் துணியில் நிற்கும். என் மகளின் பாவாடையில் மூன்று கோடுகள் இருந்தன. இஸ்திரி போட்டாலும் போகாது.

இப்போது சிப்பிக்கு வருகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சடையங்குப்பம் பக்கம் மழைத் தண்ணீர் தேங்குகிற தாழ்வான மனைகளை உயர்த்த, கடலோரத்தில் ஆழமாகத் தோண்டிய மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த மண்மேட்டில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடந்தன. விசிறி மாதிரி விரிந்து, மேலே வரிவரியாக ஓடுகிற சிப்பி. அதனால் விசிறிச் சிப்பி என்பார்கள். மனிதர் யாரும் இந்தக் கரையைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவை. விடுமுறை நாள் எல்லாம் நான் அந்த மேட்டில்தான் குந்தியிருப்பேன்.

பொறுக்கியதை மூன்று மிட்டாய் டப்பாவில் பிரித்து வைத்தேன். பெரிசு, சிறிசு, கோணல். பெரிசில் வரிகள் ஏராளம். பெரிய வரிகளுக்கு நடுவே சின்ன வரிகளும் ஓடும். அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ஏதோ கிணறு வெட்டும்போது கிடைத்த ஒரே ஒரு சிப்பியைப் பார்த்து ஒரு துரை வைத்த பெயர். சிறிசில் வரிகள் குறைவு, ஒவ்வொன்றும் தடிப்பு. அதை யாரும் பெயர் சொல்லி எழுதியதில்லை. கோணல் என்பது ஒரு பக்கம் சரிந்து வளர்ந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

சிறிசு புது இனம் என்று முடிவு செய்தேன். அதற்கு என் அம்மாவின் பெயரை வைப்பதென்றும் முடிவு செய்தேன்.

அம்மா ஒரு ஃபேக்டரியில் பாக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே அவளோடு நாலு முனியம்மா. அதனால் கடைசி நாள்வரை அவளை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விடைபெறும் நாளில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் மேலும் அந்த நம்பர்தான் எழுதியிருந்தது. இந்தப் பெயரை உலகத்தில் ஒரு மூலையில் அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறி மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு அடக்க முடியவில்லை.

"எம் பேர்ல ஒரு சிப்பி கீது" என்று மீன் வாங்குகிற இடத்தில் சொன்னாள். ரேஷன் வரிசையில் சொன்னாள். கத்திவாக்கத்திலிருந்து இறால் கொண்டுவருகிற பெண்ணிடம், "நீ விக்கிறியே, அந்த மாரி துன்ற சாமான் இல்ல. கல்லு. என்னிக்கும் அழியாது" என்று விளக்கினாள். சிறிசு ஒன்றை டிவி ஷோகேஸில் பஞ்சின் மேல் வைத்தாள்.

சிப்பி பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையைக் கிட்டத்தட்ட முடித்திருந்த சமயம். மகளின் பாவாடையை வாங்க பாய் கடைக்குப் போனேன். மண்மேட்டிலிருந்து நேராகப் போனதால் டப்பாக்கள் கையில் இருந்தன. நல்ல மழை பிடித்துக்கொண்டது.

"இன்னா டீச்சர், மிட்டாயா?" என்று கேட்டு மூடியைத் திறந்தார். நான் பெருமையாக எல்லாம் சொன்னேன். அம்மா பெயரையும் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான். ஒரு சிறிசை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இத்த பிரிச்சு வுட்ருக்காங்க."

"எதை?"

"தொ, இங்க ஒரு கோடு. இங்க ஒண்ணு. உங்க பாப்பா பாவாடையில கீதே, அதே கோடு. வருசா வருசம் வளந்துக்கினே வந்த சாமான் இது."

"வளரும்தான் பாய். அது வளர்ச்சிக் கோடு."

"அப்ப இந்தச் சிறிசு இன்னும் வளந்தா இன்னா ஆவும்?"

"பெரிய சிறிசு ஆகும்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது சரியாகப் படவில்லை.

அவர் பெரிசு ஒன்றை எடுத்தார். விசிறியின் பிடி மாதிரி கூர்ந்திருக்கும் இடம்தான் சிப்பி முதலில் உண்டாகிற இடம். அங்கே சிறிசை வைத்துப் பார்த்தார். வரிக்கு வரி ஒத்துப்போனது. சின்ன வரிகள் எல்லாம் அதற்கு அப்பால்தான் ஆரம்பித்தன. நான் இதைப் பார்க்காதவள் இல்லை. பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறேன்.

"சரி, நடுவுல கீறது எங்க?" என்றார்.

"எது நடுவுல?"

"இதுக்கும் அதுக்கும் நடுவுல. இருவத்தி ரெண்டு இன்ச்சு புள்ளயும் கீது, முப்பது இன்ச்சு புள்ளயும் கீதுன்னா, இருவத்தி ஆறு இல்லாமயா பூடும்?"

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். நடுவில் உள்ளவை இருந்தன. ஏராளமாக இருந்தன. பொறுக்கும்போது, இது சிறிசா பெரிசா என்று சந்தேகம் வந்த ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டேன். அந்தப் பக்கெட் குளியலறைப் பக்கத்தில் கிடந்தது. அதிலிருந்து அம்மா அள்ளிக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பார்டர் கட்டியிருந்தாள். தெளிவாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நான் கட்டுரை எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பாய் துணி வெட்டும் மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார். எல்லாச் சிப்பியையும் டேப் வைத்து அளந்து, பள்ளிப் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி, குள்ளத்திலிருந்து ஆரம்பித்து ஒரே வரிசையில் வைத்தார். மேஜையின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது வரிசை. கோணல் ஒன்று கையில் வந்தபோது தயங்கினேன்.

"இது வேறு மாதிரி பாய்."

"ஒரே பக்கமா பையி மாட்டிக்கினு வர்ற புள்ளிங்களுக்குத் தோளு ஒரு பக்கம் எறங்கிடும். எடம் பத்தாம இட்ச்சிக்கினு வளந்துருக்கும். அதுக்காக அது வேற வூட்டுப் புள்ளயா?"

கோணலும் வரிசையில் நின்றது. பிறகு துணியில் குறிபோடுகிற சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

"எங்க சிறிசு முடியுது, எங்க பெரிசு ஆரம்பிக்குது, ஒரே ஒரு கோடு போடுங்க டீச்சர். நான் ஒத்துக்கறேன்."

சாக்பீஸோடு நான் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்த இரண்டுக்கு நடுவே கோடு போடப் போனாலும் அந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான் காட்ட முடிந்தது.

"இது துணி இல்லை பாய். இதில் எவ்வளவோ இருக்கிறது. உங்களுக்குப் புரியாது."

"கரெக்ட்டுதான். எனக்கு இன்னா தெரியும்? நான் சொல்லல டீச்சர், டேப்பு சொல்லுது" என்று மெதுவாகச் சொன்னார்.

அறிவியலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். மூன்று டப்பாவும் ஒன்று என்றால் துரையின் பெயர் மட்டும் மிஞ்சும். முனியம்மா போய்விடுவாள். இரண்டு வாரம் நானும் விடாமல் அளந்தேன், வரிகளை எண்ணினேன், அளவுகளைப் புள்ளி வைத்து வரைபடம் போட்டேன். எங்காவது ஒரு இடைவெளி விழாதா என்று பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் ஒரே திட்டாகச் சேர்ந்து நின்றன.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ஷோகேஸில் இருந்த சிப்பியை எடுத்துப் பஞ்சோடு மேஜை டிராயரில் வைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள். கோபமெல்லாம் பாய் மேல் போனது. அவர் கடை வந்தால் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தாள். அவர் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி போனாள். ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாளே, இனி ஒவ்வொருத்தியும் கேட்பாளே என்ற வேதனை அவளுக்கு.

தெரு சும்மா இருக்குமா? "இன்னா பாய், முனியம்மா சிப்பிய முழுங்கிட்டியாமே" என்று டீக்கடையில் கேட்டார்கள். பூக்கார அம்மாள் நாலு நாள் கூடுதல் பூ கட்டவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துத் தொப்பியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் டேப் இல்லை. அப்படி அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"டீச்சர், அன்னிக்கி நான் அளந்தது தப்பு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்ன தப்பு?"

"டேப்பு பழசு. இட்த்து இட்த்து நீண்டு பூட்ச்சி. கடையில வெளிச்சமும் இல்ல. நானும் அவசரத்துல இன்னாவோ சொல்லிட்டேன். உங்க கணக்குதான் கரெக்ட்டு. யம்மா பேரயே வெச்சிடுங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை இன்ச் கூட்டிச் சொல் என்று எத்தனையோ பேர் கெஞ்சி அவர் அசைந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அவரே சொல்லிவிட்டார். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா பெயர் அச்சில் ஏறிவிடும். இந்தச் சிப்பியை இன்னொருவர் எடுத்து அளக்க எத்தனை வருஷம் ஆகுமோ.

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"டேப்பு நீண்டு பூட்ச்சின்னா, நீ என் பேத்திக்குத் தெச்சதெல்லாம் தப்பு அளவா பாய்?"

அவர் கை டேப்பைத் தேடிக் கழுத்துக்குப் போய்ச் சும்மா இறங்கியது. அம்மா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது சிரிப்பின் தண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"உக்காரு பாய். உனக்குப் பொய் சொல்லவே தெரில. மொத மொத சொல்ற போல. அதுவும் எனக்கோசரம்."

"இல்லம்மா, நெசமாவே டேப்பு..."

"கம்முனு கெட. வேலைக்குப் போன நாள்ல என் பேரக்கூட ஒருத்தன் சொன்னதில்ல. நீ எம் பேருக்கோசரம் உன் டேப்பையே கெட்டதுன்னு சொல்லிக்கினு வந்து நிக்கிற. இதுக்கு மேல எனக்கு இன்னா வோணும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த தொர பேரயே எழுதிக்கோ. ஒரே ஒரு சிப்பிய பாத்துட்டு வெச்சாலும் கரெக்ட்டாதான் வெச்சிருக்கான்."

பாய் அப்போதுதான் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கடை திறந்து கிடக்கிறது என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு மூன்று டப்பாவிலும் ஒட்டியிருந்த லேபிள்களைக் கிழித்தேன். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, சிறிசு, பெரிசு, கோணல், பக்கெட்டில் இருந்தது எல்லாவற்றையும் அதில் ஒன்றாகக் கொட்டினேன். கனம் தாங்காமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மாதான் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.